கரண்டி பிடித்தவர்களுக்கே முதல் பாடம்

எல்கேஜி வகுப்பில் டிபன் பாக்ஸைக் காலியாக மூடும் குழந்தையின் புறங்கையில் ஒரு ஸ்டார் ஒட்டுகிறார்கள். இரண்டு வாய் மிச்சம் வைத்த குழந்தைக்கு ஸ்டார் கிடையாது. உணவு இழப்பையும் விரயத்தையும் பற்றிய விழிப்புணர்வுக்கென ஐ.நா. குறித்த செப்டம்பர் 29 வந்துவிட்டால், ஒரு பருக்கைகூட வீணாக்க மாட்டோம் என்று பிஞ்சுகளிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். வீட்டுக்குப் போனால் பாட்டியில் தொடங்கி அப்பாவரை அதே பாட்டு. தட்டில் சோறு மிஞ்சினால் சாமி கோபித்துக்கொள்ளும், விவசாயி அழுவார், எங்கோ ஓர் ஊரில் ஒரு பிள்ளை பட்டினியாகத் தூங்கப் போகும்.

இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். சோற்றின் அருமை தெரிந்தவர்கள். ஐந்து வயதில் வளைத்துவிட்டால் நாளைக்கு நாட்டில் உணவு வீணாகாது என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். தட்டைக் காலி செய்யப் பழக்குவதால் உணவு வீணாவது குறைவதில்லை. வீணாகும் இடம்தான் மாறுகிறது. குப்பைக்கூடைக்குப் போக இருந்த இரண்டு வாய்ச் சோறு, பசி தீர்ந்துவிட்ட ஒரு சின்ன வயிற்றுக்குள் போகிறது. அந்தச் சோற்றால் யாருடைய பசியும் ஆறவில்லை. கூடவே, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அறிகிற ஒரு திறமை அந்தக் குழந்தையிடம் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குகிறது. அது நாம் கற்பித்த திறமையும் அல்ல, பிறக்கும்போதே குழந்தை கொண்டுவந்தது.

குற்றம் நடந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். என்ன சமைப்பது என்று குழந்தை முடிவு செய்யவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எவ்வளவு போடுவது, டப்பாவின் அளவு என்ன, இடைவேளை எத்தனை நிமிடம், எதுவுமே அதன் கையில் இல்லை. எல்லாவற்றையும் தீர்மானித்தவர்கள் பெரியவர்கள். கணக்கு தப்பிப்போய் மிஞ்சுகிற சோற்றுக்கு மட்டும் பொறுப்பாளி அந்த நான்கு வயது ஆள்!

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை இந்த இடத்தில் எனக்கு எதிராக நீட்டுவார்கள். 2022இல் உலகம் வீணாக்கிய 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. வீட்டில்தான் விரயம் என்றால் வீட்டுக் குழந்தையைத்தானே திருத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். எண்கள் சரி, முடிவு தவறு. அந்தக் கணக்கில் தின்ன முடியாத தோலும் எலும்பும் கொட்டையும்கூட அடக்கம். மீதியில் எது குழந்தை தட்டிலிருந்து வந்தது? ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அழுகும் கொத்தமல்லிக்கட்டையும், சலுகை விலையில் இரண்டாக வாங்கி காலாவதியான பிரெட்டையும், மூன்று நாள் வைத்திருந்து நான்காம் நாள் கொட்டுகிற சாம்பாரையும் ஐந்து வயதுப் பிள்ளையா வாங்கிவந்தது, சமைத்தது?

கடைக்கு வருமுன் போகிற உணவு இந்தக் கணக்கிலேயே இல்லை. அறுவடைக்குப் பின் இந்தியா இழக்கும் விளைபொருளின் மதிப்பு ஆண்டுக்கு 92,651 கோடி ரூபாய் என்று வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் சிப்பெட் நிறுவனம் 2015இல் சொன்னது. விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறார்கள். டெல்டாவில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல் கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கிறது. அது மழையில் முளைவிட்டு நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. விவசாயி அழுவார் என்று குழந்தையிடம் சொல்கிறோமே, அவர் அழுவது உண்மை. குழந்தை வைத்த மிச்சத்துக்காக அழவில்லை.

பட்டினிக் குழந்தையின் கதையும் இப்படித்தான். எத்தியோப்பியா, சோமாலியா என்று ஊர்ப்பெயர் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலின் மையமே, உணவு இருக்கும்போதும் அதைப் பெற வழியில்லாமல் மனிதர்கள் சாகிறார்கள் என்பதுதான். வேலை, கூலி, விலை, ரேஷன், அரசு என்று பசிக்கான காரணங்கள் நீளும். அந்தப் பட்டியலில் ஒரு மழலையின் தட்டுக்கு இடமில்லை. இந்தப் பொய்யை ஏன் சொல்கிறோம்? குற்ற உணர்ச்சி வந்தால் குழந்தை சீக்கிரம் விழுங்கும் என்பதற்காக. பசியைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும்தான். அதை ஒரு வாய் சோற்றை உள்ளே தள்ளும் தந்திரமாகச் சொல்வது பசித்தவருக்கும் மரியாதை அல்ல.

காலித் தட்டு இயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமைந்த உணவு நிர்வாகம் வீடுகளிலும் பள்ளிகளிலும் சிக்கனப் பிரச்சாரம் செய்தது. இரண்டாம் போர் முடிந்து, 1947இல் ட்ரூமன் அதிபராக இருந்தபோது, காலித் தட்டுச் சங்கங்கள் பள்ளிகளில் மீண்டும் முளைத்தன. அங்கே குறைந்தபட்சம் ஒரு நியாயம் இருந்தது. சேமித்த கோதுமையை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் செல்லக் கப்பல் நின்றது. அதிலும் சேமிப்பு நடந்தது குறைவாக வாங்கியதால், குறைவாகச் சமைத்ததால். ஏற்கெனவே தட்டில் விழுந்துவிட்டதை ஒரு பையன் தின்று தீர்த்ததால் ஒரு மணி கோதுமையும் கடல் கடக்கவில்லை. நம்மிடம் கப்பலும் இல்லை, சங்கம் மட்டும் இருக்கிறது.

தட்டைக் காலி செய்யச் சொன்னால் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச்சும் சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழுக் குழந்தைகளிடம் வயிற்றைக் கவனிக்கச் சொன்னார்கள்: பசிக்கிறதா, நிறைந்துவிட்டதா? இன்னொரு குழுவிடம் தட்டைக் கவனிக்கச் சொல்லி, காலி செய்தால் பரிசு கொடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கு முன் ஒரு தின்பண்டம். சில நாள் சத்து கூடியது, சில நாள் குறைந்தது. வயிற்றைக் கவனித்த பிள்ளைகள் அதற்கேற்ப அடுத்த உணவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார்கள். தட்டைக் கவனித்த பிள்ளைகளுக்கு அது முடியவில்லை. நம் எல்கேஜி ஸ்டார் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

பார்பரா ரோல்ஸ் முதலியோர் 2000இல் செய்த இன்னோர் ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் தட்டில் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளோ நிறைய வைத்தால் நிறையச் சாப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிடும் பழக்கம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. எங்கிருந்து என்று நான் சொல்ல வேண்டுமா? இதே வரிசையில் 2003இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். பெரிய அளவாகப் பரிமாறியபோது தின்றதைவிட, தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டபோது குழந்தைகள் அந்தப் பண்டத்தை 25 விழுக்காடு குறைவாகவே தின்றார்கள். கரண்டியைக் கொடுத்தால் குழந்தை வாரிக் கொட்டிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

"அப்படி விட்டால் என் பிள்ளை சிப்ஸும் சாக்லேட்டுமாகத்தான் தின்னும்" என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடச் சொன்னால், எது என்பதையும் விடச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களில் தொடங்கி, பால்குடி மறந்த 15 குழந்தைகள் முன் எளிமையான, பதப்படுத்தாத உணவுகளை மட்டும் வைத்து, வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள விட்டார். வேளைக்கு வேளை ஏறுக்குமாறாகச் சாப்பிட்டார்கள். எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். சூட்சுமம் அவர் போட்ட பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரைப் பண்டம் எதுவும் கிடையாது. உணவியலாளர் எலின் சாட்டர் இதை ஒரு பாகப்பிரிவினையாகவே ஆக்கினார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பங்கு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பங்கு. நம் வீடுகளில் இது தலைகீழ். சிப்ஸ் வாங்குவதில் பிள்ளையின் பிடிவாதத்துக்கு இறங்கிப் போகிறோம். சாம்பார் சாதத்தின் அளவில் மட்டும் நம் அதிகாரத்தைக் காட்டுகிறோம்.

ஒரு வயதுக்குப் பிறகு குழந்தையின் வளர்ச்சி வேகம் தானாகவே குறைகிறது. முதல் ஆண்டில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். பசியும் அதற்கேற்பக் குறையும். "முன்னே நல்லா சாப்பிட்டுச்சு, இப்ப வாயே திறக்க மாட்டேங்குது" என்ற புலம்பல் பெரும்பாலும் அந்த வயதில்தான் தொடங்குகிறது. (எடை ஏறாத, நோஞ்சானாகத் தேயும் குழந்தையின் கதை வேறு, அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.) அப்போதுதான் கைப்பேசி வருகிறது. திரையில் கார்ட்டூன் ஓடும், வாய் தன்பாட்டுக்குத் திறக்கும், கிண்ணம் காலியாகும். காலித் தட்டுக்காரர்களின் கணக்கில் இது நூற்றுக்கு நூறு. தான் சாப்பிட்டதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

"நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" இது அடுத்த வாதம். நான் கேட்கிறேன், உண்மையில் எப்படி வளர்ந்தீர்கள்? பாட்டி ஒரே பாத்திரத்தில் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கொரு உருண்டை வைத்தாள். தின்றவன் கையை நீட்டினான். போதுமென்றவன் எழுந்து ஓடினான். கடைசியில் மிஞ்சியது பாத்திரத்தில் மிஞ்சியது, எச்சில் படாமல். அதில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் பழைய சோறு. உணவு விரயத்தைக் குறைப்பதில் இதைவிடத் தேர்ந்த ஏற்பாட்டை எந்த ஐ.நா. அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. சின்ன அளவு, கேட்டால் மறுபடி, அளவைச் சொல்கிற உரிமை பிள்ளையிடம். அந்த ஏற்பாட்டைக் கைவிட்டோம். "மிச்சம் வைக்காதே" என்ற அதட்டலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

பாட்டியை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. உருண்டை வைத்த அந்தக் கைக்கே கடைசியில் மிச்சமும் வந்து சேர்ந்தது. இன்றும் பல வீடுகளில் குழந்தை வைத்த மிச்சம் குப்பைக்குப் போவதில்லை, அம்மாவின் வயிற்றுக்குத்தான் போகிறது. தனக்கென்று தட்டு வைத்துக்கொள்ளுமுன்பே பிள்ளை விட்ட இட்லி பாதி, தோசை ஓரம், ஆறிப்போன பருப்பு சாதம் என்று அவள் சாப்பாடு முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை என்று பெருமை பேசும் ஆண்கள், அந்தப் பெருமைக்கு யாருடைய உடம்பு தொட்டியாக இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம்.

வள்ளுவரின் ஊசிக் கதையும் வகுப்பறைகளில் இதற்காகவே சொல்லப்படுகிறது. சாப்பிடும்போது அருகில் ஓர் ஊசியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்கச் சொன்னாராம்; கீழே விழும் பருக்கையைக் குத்தியெடுத்துக் கழுவி உண்பதற்கு. கடைசிவரை அந்த ஊசிக்கு வேலையே வரவில்லையாம். நடந்ததா, கட்டிய கதையா என்பது கிடக்கட்டும். கதையில் கெட்டிக்காரத்தனம் யாருடையது? பருக்கை சிந்தாமல் பரிமாறிய அவர் மனைவி வாசுகியுடையது. ஊசிக்கு வேலை வைக்காதது பரிமாறிய கை. இதைச் சாப்பிடும் குழந்தைக்கான அறிவுரையாகத் திருப்பிப் போட்டது நம் சாமர்த்தியம்.

இன்றைக்குப் பரிமாறும் கை எப்படியிருக்கிறது என்று பார்க்கக் கல்யாணப் பந்திக்குப் போக வேண்டும். ஆள் உட்காருமுன்பே இலை நிரம்பியிருக்கிறது. இரண்டு இனிப்பு, வடை, அப்பளம், சிப்ஸ், கூட்டு, பொரியல், அவியல், வறுவல், ஒரு கலவை சாதம், பச்சடி. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதே நீள இலை, அதே வரிசை. யாரும் அதனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. அடுத்த பந்திக்கு ஆள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்டரிங்காரர் இலைக் கணக்கில் பணம் வாங்குகிறார், வீட்டுக்காரருக்கு அயிட்டங்களின் எண்ணிக்கை கௌரவம். பிள்ளை பாயசத்தைக் குடித்து, அப்பளத்தை நொறுக்கி, எழுந்து விடுகிறது. இலை மடிகிறது. உறுதிமொழி எடுத்தவர் யார், இலை நிரப்பியவர் யார் என்று அங்கே நின்று யோசித்தால் இந்தப் பாடத்திட்டம் எவ்வளவு ஏமாற்று என்பது புரியும். பந்தி விசாரிப்பில் "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று அன்பால் அடிக்கும் மாமாக்களுக்கு எந்தப் பள்ளியும் ஸ்டார் மறுத்ததில்லை.

ஜப்பானைப் பார் என்பார்கள். பார்க்கலாம். அங்கே பள்ளி மதிய உணவைப் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், உணவுக் கல்விக்கென்றே 2005இல் சட்டம் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் காணொளிகள் சொல்லாத பக்கமும் அங்கே உண்டு. தட்டில் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று ஆசிரியர்கள் கட்டாயப்படுத்துவது அந்நாட்டில் பெரும் விவாதம். கிஃபு நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இந்தக் கட்டாயத்தால் பிள்ளைகள் வாந்தியெடுத்ததும், ஆசிரியர் எச்சரிக்கப்பட்டதும் 2017இல் செய்தியாயிற்று. சாப்பிடத் தொடங்குமுன் வேண்டாததைக் குறைத்துக்கொள்ள விடும் வகுப்புகளும் அதே நாட்டில் இருக்கின்றன. ஜப்பானிடம் கற்க வேண்டுமானால் இவர்களிடம் கற்போம்.

ஒன்றை நேராகவே ஒப்புக்கொள்கிறேன். குழந்தை சாப்பிடக் கற்கும்போது கொஞ்சம் உணவு வீணாகத்தான் செய்யும். புதிய பண்டம் ஒன்று பிடித்துப்போக எட்டு, பத்து தடவை, சில வேளை அதற்கு மேலும் ருசி பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் சில தடவை துப்பும். கீரையைத் துப்பாமல் கீரைக்குப் பழகிய குழந்தை அபூர்வம். அந்த ஒரு ஸ்பூன் கீரையை விரயம் என்று எழுதினால் கணக்கு எழுதுபவருக்குக் குழந்தை வளர்ப்பு தெரியாது என்று பொருள். இதில் ஏழைக்கும் பணக்காரருக்கும் வேறுபாடு இருக்கிறது. கெய்ட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் பகுதிப் பெற்றோர்களை ஆராய்ந்து 2016இல் எழுதினார்: குறைந்த வருமானமுள்ளவர்கள், பிள்ளை ஒதுக்கிவிட்டால் காசு போயிற்றே என்ற பயத்தில், காய்களை வாங்கிப் பார்க்கவே தயங்கிப் பிள்ளை நிச்சயம் தின்பதையே வாங்குகிறார்கள். ஒதுக்கினாலும் மறுபடி மறுபடி வைத்துப் பார்க்க வசதியுள்ளவர்களால் முடிகிறது. வீணாக்காதே என்ற கண்டிப்பு ஏழைப் பிள்ளையின் நாக்கைத்தான் முதலில் குறுக்குகிறது.

அதனால்தான் பள்ளிச் சாப்பாடு முக்கியமாகிறது. பழகும்வரை ஆகிற செலவை வீட்டுக்குப் பதில் அரசு ஏற்க முடிகிற இடம் அது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவிலிருந்து 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுவரை, தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் ஏராளம். சோறும் சாம்பாருமே என்றிருந்த சத்துணவில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் சேர்ந்தபோது, பிள்ளைகளுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை, சமையல் மாறியது. நாடு முழுவதற்குமான தொடக்கப்பள்ளி அளவுகோல் தலைக்கு 100 கிராம் தானியம். ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் அதே 100 கிராம்தான். அது அரிசி ஒதுக்கும் கணக்கு, ஐந்து வயது வயிற்றின் கொள்ளளவு அல்ல. கணக்கை அப்படியே தட்டில் கொட்டினால் சின்னவன் மிச்சம் வைப்பான், பத்து வயதுக்காரி இன்னும் பசிக்கிறது என்பாள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கும் மாநிலம் இது என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரியவளுக்கு இரண்டாம் கரண்டி மறுக்கப்படாமல் இருப்பதும் சின்னவனுக்கு முதல் கரண்டி அரைக் கரண்டியாக இருப்பதும் ஒரே சீர்திருத்தம். நல்ல சத்துணவு அமைப்பாளர்கள் சுற்றறிக்கை எதுவும் இல்லாமலே இதைச் செய்கிறார்கள்.

நேரமும் ஒரு காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் நடந்த ஆய்வொன்று, சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் முதன்மை உணவையும் காய்கறியையும் பாலையும் கூடுதலாக மிச்சம் வைத்ததைக் கண்டது. கை கழுவ வரிசை, டப்பா மூடியைத் திறக்க ஆயாவைத் தேடுவது, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் போக, நம் மழலையர் வகுப்புப் பிள்ளைக்கு உண்ண எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? மணி அடித்ததும் மூடச் சொல்லிவிட்டு, மூடிய டப்பாவில் மிச்சம் ஏன் என்று கேட்கும் பள்ளிகள், உறுதிமொழியைத் தாங்கள் முதலில் எடுக்கட்டும்.

அப்படியானால் குழந்தைக்கு எதுவுமே கற்பிக்க வேண்டாமா? வேண்டும், நிறையவே வேண்டும். தானே எடுத்துப் போட்டுக்கொள்ளக் கற்பியுங்கள். முதல் வாரம் கூடுதலாகத்தான் எடுப்பான், மிஞ்சும். அடுத்த முறை இதில் பாதி எடுத்துப் பார் என்றால் போதும், அதற்குச் சாமியையும் சோமாலியாவையும் கூப்பிட வேண்டியதில்லை. பாத்திரத்தில் இருப்பது இரவுக்கு உதவும், தட்டில் எச்சிலானது யாருக்கும் உதவாது என்பதை நான்கு வயதுக்குள் எந்தத் தமிழ்க் குழந்தையும் புரிந்துகொள்ளும். நம் வீடுகளில் எச்சில் என்பது அவ்வளவு தெளிவான எல்லை. போதும் என்று சொல்லவும், சொன்னால் அது மதிக்கப்படும் என்று நம்பவும் கற்பியுங்கள். பந்தியில் இலைக்கு மேல் கை மறைத்து வேண்டாம் என்கிற பெரியவரை யாரும் திட்டுவதில்லை. அந்த உரிமையைப் பிள்ளைக்கும் கொடுங்கள். பட்டாணி உரிக்க, கீரை ஆய, அரிசி அளக்க உட்கார வையுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு என்று தெரிந்த பிள்ளை, நாளைக்குக் குடும்பம் நடத்தும்போது கூடுதலாக வடிக்காது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: காலி டப்பாவுக்கு ஸ்டார் ஒட்டுவதை இந்தக் கல்வியாண்டோடு நிறுத்துங்கள். பெற்றோருக்கு இன்னொன்று: அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது, மெனு பேசும் அன்றே கேட்டரிங்காரரிடம் சொல்லிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் வெறும் இலை மட்டும் போடட்டும், கேட்டுக் கேட்டுப் பரிமாறட்டும் என்று. ஆகாது என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.